லேபிளில் நான்காவது வரி

மதினி,

இன்று காலை உப்பு ஜாடியைத் தேடி அலமாரிக்குள் கையை விட்டபோது உங்கள் பாட்டில் வந்தது. பருப்புப் பொடி தீர்ந்து ஆறேழு மாதம் ஆகிறது. நான் இன்னும் அதைக் கழுவவில்லை. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். பாட்டிலை மூன்று முறை அலசாமல் அடுத்த காரியத்துக்குக் கை போகாது. இதை மட்டும் மூடியை இறுக்கி அப்படியே வைத்திருக்கிறேன். திறந்தால் வறுத்த துவரம்பருப்பும் பூண்டும் கொஞ்சம் மூக்கில் ஏறும். அடிக்கடி திறப்பதில்லை. திறக்கத் திறக்கத் தீர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

பாட்டில் கையில் இருக்கும்போதே போனில் சத்தம் வந்தது. அண்ணன் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். கொய்யா இலையைக் கொதிக்க வைத்து வெறும் வயிற்றில் குடித்தால் நாற்பது நாளில் சர்க்கரை வியாதி வேரோடு போய்விடுமாம், மாத்திரையைத் தூக்கி எறியலாமாம், பத்துப் பேருக்கு அனுப்பிப் புண்ணியம் தேடிக்கொள்ள வேண்டுமாம். என் கட்டைவிரல் பழைய பழக்கப்படி 'பொய்' என்று எழுதத் தொடங்கியது. 'பொ' வரைக்கும் எழுதிவிட்டேன். அப்போதுதான் பாட்டிலில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். எழுதியதை அழித்தேன்.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நீங்கள் முதன்முதலில் என் வேலை இடத்துக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது என்று ஒரு பழைய கலர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தீர்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு என் மேசைமேல் வைத்தீர்கள். நான் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"லேபிள் இல்லையே மதினி."

"என்ன இல்ல?"

"எங்க எடுத்தது, எப்ப எடுத்தது, யார் எடுத்ததுன்னு எழுதி ஒட்டணும். இல்லாட்டி நாங்க வாங்க மாட்டோம்."

"இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்திருக்கேன். நம்ம கிணத்துத் தண்ணின்னு எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விதி விதிதான் என்று நினைத்தேன். நான் காந்திகிராமத்துப் பக்கம் கல்லூரியில் சேர்ந்த வருஷம் நீங்கள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தீர்கள். விடுதிக்கு நான் கிளம்பும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தூக்குச்சட்டியில் புளியோதரை கட்டிக் கொடுத்தீர்கள். அப்படிப்பட்டவரை ஒரு துண்டுக் காகிதத்துக்காகத் திருப்பி அனுப்பினேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு, "ஏ புள்ள, உன்னைக் கட்டிக்கிட்டுப் போக எவனும் வராததுக்குக் காரணம் இப்பத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தீர்கள். சுத்தமான பாட்டில். நோட்டுக் காகிதத்தைச் சோற்றுப் பசையில் ஒட்டியிருந்தீர்கள். எங்கே: தோட்டத்துக் கிணறு, கிழக்குப் படி. எப்போது: இன்று காலை ஆறு, இன்னும் பல் விளக்கவில்லை. யார்: உன் அண்ணன் பெண்டாட்டி.

அந்த லேபிளை நான் பல வருஷம் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். உங்களிடம் சொன்னதில்லை.

அதன் பிறகு உங்கள் அடுப்படியில் இருந்த டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் வந்துவிட்டது. மல்லித்தூள், எந்த மில்லில் அரைத்தது, எந்த மாதம், யார் வறுத்தது. அண்ணன் ஒருநாள் தன் சட்டைமேல் ஒரு காகிதம் ஒட்டியிருப்பதைக் கடைவீதியில்தான் பார்த்தார். எங்கே: தோட்டம். எப்போது: குளித்து இரண்டு நாள். நீங்கள் விளையாட்டாகச் செய்தீர்கள். ஆனால் விளையாட்டுக்குள்ளே விஷயத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டீர்கள் என்பது, உங்கள் கைக்குப் பெரிய போன் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அந்தப் போன் வந்த புதிதில் ஒரு நாளைக்கு எத்தனை செய்தி அனுப்புவீர்கள். கண்ணுக்கு இது, முட்டிக்கு இது, இதய அடைப்புக்கு இஞ்சி பூண்டு எலுமிச்சை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்ததும், வெஞ்சனத்துக்கு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே போனை என் பக்கம் தள்ளுவீர்கள். "இதுக்கு லேபிள் இருக்கா பாரு." சேர்ந்து பார்ப்போம். சொல்கிறவர் யார், பெயரும் ஊரும் உண்டா? எப்போது சொன்னது, இல்லை வருஷக்கணக்காகச் சுற்றுகிறதா? இதையே அரசாங்கச் சுகாதாரத் துறையோ, ஏதாவது மருத்துவக் கல்லூரியோ தன் பக்கத்தில் எழுதியிருக்கிறதா? 'நூறு சதவீதம்' என்கிறதா? மருந்தை நிறுத்தச் சொல்கிறதா? இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை. நீங்கள் அதோடு ஒன்றைக் கூட்டினீர்கள். வீடியோவை முதலிலிருந்து பார்க்கவே மாட்டீர்கள். நேரே கடைசிக்கு ஓட்டுவீர்கள்.

"அங்கதான புள்ள பவுடர் டப்பாவைத் தூக்கிக் காட்டுவான். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கிட்டு அம்புட்டு நேரம் ஈரல், கணையம்னு பேசுறதெல்லாம் இந்த டப்பாவுக்குத்தான். சந்தையில மூலிகை எண்ணெய் விக்கிறவன் பரவாயில்ல, பாம்பாவது காட்டுவான்."

ஒருமுறை நான் தோற்றதும் உண்டு. நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்று ஒரு செய்தி. எழுத்துப் பிழைகள், சுற்றிலும் ரோஜாப்பூ, கீழே மினுக்கும் விளக்கு. பார்த்ததுமே பொய் என்று தள்ளிவிட்டேன். நீங்கள் விடவில்லை. மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்தீர்கள். "உண்மையாம். கழுவிட்டு, கையோட ஊசிக்கும் வந்துரணுமாம். ரோசாப்பூப் படம் போட்டாப் பொய்யாடி? அப்ப இங்கிலீஷ்ல எழுதினா உண்மையா?"  மேல்பூச்சைப் பார்த்து உள்ளே இருப்பதை முடிவு செய்திருந்தேன். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, அதனால் நல்ல தண்ணீர் என்று சொல்கிறவர்களைப் பார்த்து இத்தனை வருஷம் நான் சிரித்த அதே தப்பு.

அந்த ஞாயிறுகளோடு நான் நின்றிருக்கலாம் மதினி. பிறகு வேலை கூடியது. வறட்சி வருஷம், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்ப் பாட்டில்கள் வரிசையில் நின்றன. குடும்பக் குரூப்பில் வேறு செய்தி கொட்டியது. உறவுக்காரர்கள் எல்லோரும் எதையாவது போட்டுவிட்டு, 'படிச்சவளைக் கேளுங்க' என்று என்னை இழுப்பார்கள். முதலில் காரணம் எழுதினேன். பிறகு ஒரு வரியாக்கினேன். கடைசியில் ஒரே சொல். பொய். பொய். பொய். சரியாகத்தான் சொன்னேன். நூற்றில் தொண்ணூற்றுக்கு மேல் சரியாகத்தான் இருந்திருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. என் இரண்டெழுத்துக்குப் பிறகு யாரும் அங்கே மேற்கொண்டு பேசுவதில்லை. அதை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சித்திரையில்தான் நீங்கள் அந்த வீடியோவை அனுப்பினீர்கள். குரூப்பில் போடவில்லை, எனக்குத் தனியாக அனுப்பினீர்கள். அதைக்கூட நான் கவனிக்கவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால் பயப்பட வேண்டாம், அது உடம்புச் சூடு, கற்றாழையும் வெந்தயமும் ஒரு மண்டலம் சாப்பிட்டால் நின்றுவிடும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் இல்லை, ஊர் இல்லை. கடைசிக்கு ஓட்டினேன், டப்பாவைக் காட்டினார். வேலை நடுவில், கையுறையைக் கழற்றாமலே எழுதினேன்: 'பொய். யாருக்கும் அனுப்பாதீங்க.'

நீங்கள் 'சரி' என்று அனுப்பினீர்கள். அதோடு முடிந்தது.

ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குச் சேலை எடுக்கச் சின்னாளப்பட்டிக்குப் போனோம். உங்களுக்குச் சுங்குடி என்றால் கையால் தடவிப் பார்த்தே நேரம் போகும். கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றும், எனக்கு வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பச்சையில் ஒன்றும் எடுத்தீர்கள். திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்தோம். திண்டுக்கல் வந்து நீங்கள் முன்னால் எழுந்தபோதுதான் பார்த்தேன். உங்கள் பின்னாலேயே ஒட்டி நடந்து, துணிப்பையை உங்கள் முதுகுக்குக் கீழே பிடித்துக்கொண்டே இறங்கினேன். பஸ் நிலையத்துச் சுவரோரம் நிறுத்திச் சொன்னேன்.

"மதினி, சேலையில பட்டிருக்கு."

நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது நாலஞ்சு மாசமாவே அப்படித்தான் இருக்கு."

"உங்களுக்கு நின்னு மூணு வருஷம் ஆச்சே. ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொன்னேனே."

"எப்ப?"

"வீடியோ அனுப்புனேனே, புள்ள."

 பஸ்கள் கிளம்புகிற சத்தத்துக்கு நடுவே நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல் சொன்னீர்கள்: "நீ பொய்னு சொன்ன. சரின்னு அந்தக் கற்றாழையைத் தொடல. ஆனா அது பொய்யின்னா நெசம் எதுன்னு நீ சொல்லலையே. கேட்டா, மதினிக்கு இம்புட்டுச் சொல்லியும் புத்தி வரலையேன்னு நெனப்பியோன்னு விட்டுட்டேன்."

நெசம் எனக்குத் தெரிந்திருந்தது. நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும், பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் இருக்காது, ஆனால் காட்டாமல் இருக்கக் கூடாது. ஒரே ஒரு வரி. பொய்யைப் பிடிப்பதில் அவ்வளவு அவசரமாக இருந்த நான் அந்த வரியை எழுதவில்லை. அது யாருக்கு என்றும் கேட்கவில்லை. பாட்டிலில் லேபிள் இல்லை என்று பார்த்தேன். பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டிய கையைப் பார்க்கவில்லை.

மறுநாளே டாக்டரிடம் போனோம். பிறகு மதுரை. சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்துக் கருப்பையில் புற்று என்றார்கள். அறுவை, கதிர், கீமோ. ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் ஜன்னலோரம் உங்களுக்கு. கொடைரோடு தாண்டியதும் நீங்கள் மல்லிகைப்பூ வாங்கச் சொல்வீர்கள். முடி குறைந்த பிறகும் வாங்கினீர்கள், மடியில் வைத்துக்கொண்டீர்கள். ஒருநாள் நீங்கள் உள்ளே இருந்தபோது அந்த டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன், அஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உறுதியாச் சொல்ல முடியாதும்மா. முன்னாடி வந்திருந்தா நல்லதுதான்" என்றார். நேர்மையான பதில். ஆதாரம் எவ்வளவோ, அவ்வளவு மட்டும். என் வாழ்நாளெல்லாம் நான் மற்றவர்களிடம் எதிர்பார்த்த அந்த நேர்மை, அன்றைக்கு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அதை நான் உங்களிடம் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்குத் தெரிந்திருந்தது. எதைத்தான் உங்களிடம் மறைக்க முடிந்தது? அந்த ஐப்பசியில், நடக்கவே சிரமமாக இருந்த நாளில், என்னை அடுப்படிக்கு வரச் சொன்னீர்கள். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு பருப்பு வறுத்திருக்கிறீர்கள். அண்ணன் மிக்ஸியில் அரைத்திருக்கிறார். பாட்டிலை என் கையில் கொடுத்து, "படி" என்றீர்கள். படித்தேன்.

எங்கே: நம்ம வீட்டு அடுப்பு. எப்போது: ஐப்பசி, மழை விட்ட அன்று. யார்: வறுத்தது நான், அரைத்தது உங்க அண்ணன், மூடி இறுக்கினதும் அவரே.

அதற்குக் கீழே ஒரு வரி அதிகமாக இருந்தது.

யாருக்கு: சோறு வடிச்சுட்டு வெஞ்சனம் வைக்கச் சோம்பல் படுறவளுக்கு.

"உங்க ஆபீஸ் லேபிள்ல இது கிடையாதுல்ல?" என்று கேட்டீர்கள்.

"கிடையாது மதினி."

"போட்டுக்க."

அவ்வளவுதான் சொன்னீர்கள். நான் அழுவேன் என்று நினைத்தீர்களோ என்னவோ, உடனே அண்ணனைப் பார்த்து, "உப்புக் கூடிருந்தா அது மிக்ஸி போட்டவர் குத்தம்" என்றீர்கள். தை பிறந்து இரண்டாம் வாரம் போய்விட்டீர்கள்.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன். 'பொ'வை அழித்துவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் தோட்டத்தில் இருந்தார். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம்.

"அண்ணே, கொய்யா இலைன்னு ஒண்ணு அனுப்பியிருந்தீங்களே."

"ஆமா பாப்பா. பொய்யா?"

"அப்புறம் சொல்றேன். அது யாருக்கு?"

 "சும்மா. நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும்னுதான்."

"நாலு பேரை விடுங்க. நீங்க மாத்திரை போடுறீங்களா?"

மோட்டாரை நிறுத்தினார். "தையிலருந்தே இல்ல" என்றார்.

எனக்கு வாய் வரைக்கும் வந்தது. படித்துப் படித்துச் சொல்லியும் இதையெல்லாம் நம்புவீர்களா என்று. கையில் பாட்டில் இருந்தது. கேட்கவில்லை.

"ஏன்ணே? இலையை நம்பியா?"

"இலையை எவன் நம்புனான். அந்தச் செய்தியே நேத்துத்தான் வந்துச்சு. சரி, இப்படியும் ஒண்ணு இருக்குல்லன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்." பிறகு கொஞ்சம் குரல் இறங்கியது. "உங்க மதினிதான் காலையில மாத்திரையைப் பிச்சு உள்ளங்கையில வப்பா. முப்பது வருஷத்துல நானா ஒரு மருந்தைப் பிச்சதில்ல பாப்பா. அவ போனப்புறம் அந்த அட்டையை எடுத்தாலே கை வரமாட்டேங்குது. நீ ஒண்ணும் பேசிராத."

 இதற்கு எந்த மருத்துவக் கல்லூரியின் பக்கத்திலும் விளக்கம் கிடைக்காது. 'பொய்' என்று எழுதியிருந்தால் அவர் 'சரி' என்று அனுப்பியிருப்பார். கொய்யா இலையும் குடித்திருக்க மாட்டார், மாத்திரையும் போட்டிருக்க மாட்டார். நான் சரியாகச் சொல்லிவிட்ட திருப்தியோடு வேலைக்குப் போயிருப்பேன்.

பகலில் விடுப்புப் போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். அவரை அழைத்துக்கொண்டு, அவர் எப்போதும் காட்டுகிற டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை கூடித்தான் இருக்கிறது. காலில் ஒரு சின்னப் புண்ணை வேறு மறைத்து வைத்திருந்தார். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னார், மருந்தைக் கொஞ்சம் மாற்றி எழுதினார். கொய்யா இலையைப் பற்றி அண்ணனே வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டார். "குடிக்கணும்னா குடிங்க, ஆனா மாத்திரையை நிறுத்தாதீங்க" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அண்ணன், "பார்த்தியா, பாதி உண்மை" என்றார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். நாளையிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு நான் போன் செய்வேன். அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாத்திரையைப் பிரிக்க வேண்டும். அட்டை கிழிகிற சத்தம் எனக்குக் கேட்க வேண்டும். "இது என்ன போலீஸ் ஸ்டேஷன் கையெழுத்தா?" என்று முறைத்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

குரூப்பில் இப்போதெல்லாம் நான் அதிகம் எழுதுவதில்லை. யாராவது எதையாவது போட்டால் தனியாகக் கூப்பிட்டு முதலில், இது யாருக்கு என்று கேட்கிறேன். பாதிப் பேர் 'சும்மா' என்கிறார்கள். சும்மா என்று சொன்ன பிறகும் போனை வைக்காமல் இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டேன். பொய்யைப் பொய் என்றுதான் இன்னும் சொல்கிறேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போதே, அடுத்து எங்கே போய் யாரிடம் காட்ட வேண்டும் என்பதையும் சொல்கிறேன். இது நீங்கள் இருந்தபோது வந்திருக்க வேண்டிய புத்தி. உங்களை விலையாகக் கொடுத்துத்தான் வந்தது என்று நான் நினைப்பதை, நீங்கள் இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். அந்தச் சிரிப்பு என்னிடம் இல்லை, நீங்கள் எழுதிய அந்த நான்காவது வரிதான் இருக்கிறது.

ஊரிலிருந்து கிளம்பும் முன் அண்ணனின் மாத்திரை டப்பாவில் ஒரு காகிதம் ஒட்டினேன். பசை இல்லை, நீங்கள் செய்வதுபோல் சோற்றுப் பருக்கையைத்தான் நசுக்கினேன். எங்கே, எப்போது, யார் எழுதியது, எல்லாம் ஒழுங்காக எழுதினேன். அண்ணன் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வரிவரியாக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாய்விட்டுப் படித்தார். கடைசி வரியில் நின்றார்.

"யாருக்கு: அண்ணன் வேணும்னு இருக்கிற பாப்பாவுக்கு" என்று படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது ஆபீஸ் லேபிள்ல உண்டா?" என்று கேட்டார்.

கிடையாது என்றேன். நம்ம வீட்டு லேபிளில் உண்டு என்றேன்.